அம்மம்மாவின் கசெட்டும் என் நான்கு கணினிகளும்

1998இல் கொழும்பு பம்பலப்பிட்டியில் ஒரு கணினி வாங்கினோம். வெள்ளவத்தை வீட்டில் எல்லோரும் அதை "மல்டிமீடியா" என்றே அழைத்தோம். பென்டியம் எம்எம்எக்ஸ் செயலி, ஒலி அட்டை, இறுவட்டு இயக்கி, இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள், 2 கிகாபைட் வன்தட்டு. ஒலியையும் படத்தையும் விரைவாகக் கையாளவென்றே 57 புதிய கட்டளைகளைச் சேர்த்து இன்டெல் அந்தச் செயலியை 1997இல் வெளியிட்டிருந்தது. ஊரெல்லாம் அதில் பாட்டுக் கேட்டது. எனக்கு வேறொரு தேவை இருந்தது.

அதற்குச் சில ஆண்டுகள் முன், போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பேட்டரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மாமா பெடலைச் சுற்ற, டைனமோவில் ஓடிய ரெக்கோடரில் அம்மம்மா எங்களுக்காக 90 நிமிடம் பேசிப் பதிந்த கசெட் ஒன்று எங்களிடம் இருந்தது. நாடா தேயுமுன் அதைக் கணினிக்குள் கொண்டுவர வேண்டும்.

முதலில் ரெக்கோடரின் கம்பியை மைக் துளையில் செருகினேன், குரல் பிளந்து போனது. லைன்-இன் துளைக்கு மாற்றியதும் தெளிந்தது. கசெட்டை இன்று பதிய நினைப்பவர்களும் இதைக் கவனியுங்கள். மைக் துளை மெல்லிய ஒலியைப் பெருக்குவதற்கு உரியது. ஏற்கெனவே பெருக்கிய ஒலியை அது தாங்காது.

கசெட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம். இறுவட்டுத் தரத்தில், சுருக்காத வேவ் கோப்பாகப் பதிந்தால் சுமார் 475 மெகாபைட். இரண்டு பக்கத்தையும் வைத்தால் பாதி வன்தட்டுப் போய்விடும். ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் ஓர் இறுவட்டில் எழுதுவித்தேன். அன்றாடம் கேட்க, வினாடிக்கு 64 கிலோபிட் எம்பி3 ஆகச் சுருக்கினேன். பக்கத்துக்கு ஏறக்குறைய 22 மெகாபைட்! அன்று அது மாயம் போலவே இருந்தது. பிறகு வேவ் கோப்புகளை வன்தட்டிலிருந்து அழித்துவிட்டேன்.

அதன்பின் மூன்று கணினிகள் மாறின. எம்பி3 எல்லாவற்றிலும் ஓடியது, இன்று கைப்பேசியிலும் ஓடுகிறது. இந்த வடிவத்தை நான் மனதாரப் பாராட்டுவது அதற்காகத்தான். 2012இல் கசெட்டை எடுத்துப் பார்த்தபோது நாடா முழுவதும் வெள்ளைப் பூஞ்சணம். கடற்காற்றும் ஈரமும் தம் வேலையைச் செய்துவிட்டன. இறுவட்டுகளைத் தேடி எடுத்தேன். முதல் பக்கம் திறந்தது. இரண்டாம் பக்கத்தை எந்த இயக்கியும் படிக்கவில்லை. எழுதும் இறுவட்டில் தரவு ஒரு சாயப் படலத்தில்தான் இருக்கிறது. சாயம் கெட்டால் தரவும் போயிற்று.

இப்படியாக ஒரே கசெட்டின் ஒரு பக்கம் முழுமையாகவும் மறுபக்கம் சுருங்கியும் என்னிடம் இருக்கின்றன. இரண்டையும் நல்ல ஹெட்போனில் அடுத்தடுத்துக் கேட்டபோதுதான் என் தவறு புரிந்தது. எம்பி3, காதுக்கு எட்டாது என்று தான் கணிக்கும் ஒலிகளை நீக்கியே சுருக்குகிறது. பிட் குறையக் குறைய எட்டும் ஒலிகளிலும் கை வைக்கிறது. முதல் பக்கத்தில் அம்மம்மாவின் பின்னால் சைக்கிள் சில்லு சுழல்வது கேட்கிறது. மாமாவின் கை சோர்கையில் சில்லு தளர்கிறது, அப்போது நாடாவும் மெதுவாக ஓடிப் பதிந்ததால் குரல் விரைந்து கீச்சிடுகிறது. மீண்டும் அவர் வேகம் பிடிக்கிறார். இரண்டாம் பக்கத்தில் அந்தச் சில்லு தண்ணீர் குமிழியிடுவது போல் ஒலிக்கிறது. குரல் மட்டும் தப்பியது. அவர்கள் இருந்த முற்றம் போய்விட்டது.

இழப்பின்றிச் சுருக்கும் ஃபிளாக் வடிவம் 2001இலேயே வந்துவிட்டது. நான் தாமதமாகத்தான் அறிந்தேன். முதல் பக்கம் இப்போது அந்த வடிவில் இரண்டு வன்தட்டுகளில் இருக்கிறது, ஒன்று வெள்ளவத்தையில், மற்றது டொராண்டோவில் பெரியப்பா வீட்டில். பழைய இறுவட்டுகள் வைத்திருப்பவர்கள் இந்த மாதமே பிரதி எடுங்கள். மடிக்கணினியில் இயக்கி இல்லையென்றால் யூஎஸ்பியில் பொருத்துவது கடைகளில் கிடைக்கிறது.

இரண்டாம் பக்கத்தின் நடுவில் அம்மம்மா, "மெதுவாகச் சுற்று ராசா, கை நோகும்" என்கிறார். மாமா ஏதோ பதில் சொல்கிறார். அது என்னவென்று எத்தனை முறை கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை.