யூ.எஸ்.பி.எஸ். கிரவுண்ட் அட்வான்டேஜ்: ஆட்குறைப்புக்குப் பிறகும் நம்பி அனுப்பலாமா?

அமெரிக்காவில் ஈபே, எட்ஸி, அமேசான் போன்ற இணையச் சந்தைகள் வழியாகச் சின்ன அளவில் வியாபாரம் செய்பவர்களுக்கு, அந்நாட்டு அரசுத் தபால் துறையான யூ.எஸ்.பி.எஸ். இல்லாமல் பிழைப்பு ஓடாது. அதிலும் 2023 ஜூலையில் அறிமுகமான கிரவுண்ட் அட்வான்டேஜ் அவர்களுக்கென்றே செய்தது போன்ற பார்சல் சேவை. 70 பவுண்டு வரை அனுப்பலாம். 2 முதல் 5 நாளில் சேர வேண்டும் என்பது கணக்கு. 100 டாலர் வரை காப்பீடு கட்டணத்திலேயே அடக்கம். வாங்கியவர் வீடு மாறியிருந்தால் புது முகவரிக்குப் போய்விடும், சேர்க்க முடியாவிட்டால் கூடுதல் காசு இல்லாமல் திரும்பி வரும். ஒரு பவுண்டுக்குக் குறைவான பார்சலுக்கு இந்த விலையில் இதற்கு ஈடான சேவை கிடைப்பது அரிது. எங்கள் மதிப்பீட்டில் இன்றும் இதற்கு ஐந்துக்கு மூன்றரை. அந்த ஒன்றரை எங்கே போனது, அதில் எவ்வளவை நம் கையால் மீட்கலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

2025 மார்ச்சில் அப்போதைய போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் (யூ.எஸ்.பி.எஸ். தலைவர்) லூயிஸ் டிஜாய் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு எழுதிய கடிதத்தில், விருப்ப ஓய்வு மூலம் 30 நாளில் 10,000 பேரைக் குறைக்கப்போவதாகச் சொன்னார். 2021 முதல் ஏற்கெனவே 30,000 பேர் குறைந்துவிட்டார்கள் என்பதும் அதே கடிதத்தில் இருந்தது. அந்த மாதக் கடைசியிலேயே அவர் பதவி விலகினார். ஜூலையில் அந்தப் பதவிக்கு டேவிட் ஸ்டைனர் வந்தார். 2024 நிதியாண்டில் 950 கோடி டாலர், 2025 நிதியாண்டில் 900 கோடி டாலர் நட்டம் கண்ட நிறுவனம் செலவைக் குறைக்கத்தான் பார்க்கும்.

விற்பனையாளர்கள் கவனிக்க வேண்டிய விஷயம், போனவர்கள் யார் என்பது. விருப்ப ஓய்வுக்கு ஊக்கத்தொகையாக 15,000 டாலர் தரப்பட்டது முக்கியமாகக் கிளார்க் வேலை பார்ப்பவர்களுக்கும், பிரிப்பு மையங்களில் மூட்டையையும் கண்டெய்னரையும் தள்ளும் மெயில் ஹேண்ட்லர்களுக்கும்தான். வீடு வீடாக வரும் தபால்காரர்கள் அந்தத் திட்டத்தில் இல்லை. வாரத்தில் ஆறு நாள் டெலிவரி என்பதும் 2022 சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே வாசலுக்கு வரும் வண்டி வந்துகொண்டுதான் இருக்கும். ஆள் குறைவது கட்டடத்துக்கு உள்ளே: கவுண்டரில், பிரிப்பு மையத்தில், மெஷின் தள்ளிவிட்ட பார்சலைக் கையால் எடுத்துப் பார்க்கும் மேசையில். கைபடாமல் மெஷினிலேயே ஓடிப்போகும் பார்சலுக்குப் பெரிய பாதிப்பு வராது. ஏதோ ஒரு காரணத்துக்காக ஒரு ஆள் நின்று பார்க்க வேண்டிய பார்சல்தான் மாட்டிக்கொள்ளும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதலில் பெட்டி. மெஷினுக்கு ஒத்துவரும் அளவு நீளம் 22 அங்குலம், உயரம் 18, தடிமன் 15 அங்குலத்துக்குள். எடை 25 பவுண்டுக்குள். கீழ் வரம்பும் உண்டு: 6 அங்குல நீளம், 3 அங்குல உயரம், கால் அங்குலத் தடிமன் இருக்க வேண்டும். போஸ்டர் அனுப்பும் உருளைக் குழாய், 30 அங்குலப் பெட்டி, கயிறு கட்டிய பொட்டலம் எல்லாம் மெஷினில் ஏறாது. தனியாக ஒதுக்கிக் கையால் பிரிப்பார்கள். 22 அங்குலத்தைத் தாண்டினால் கூடுதல் கட்டணமும் சேரும். போஸ்டரை உருளைக் குழாயில் போடுவதற்குப் பதில் முக்கோண வடிவ அட்டைப் பெட்டியில், 22 அங்குலத்துக்குள் அடங்கும்படி சுருட்டி அனுப்பினால் பெல்ட்டில் உருண்டோடாது. அளவும் எடையும் சரியாகக் கொடுப்பதும் முக்கியம். மெஷினே எடைபோட்டு அளந்துவிடும், குறைத்துக் கொடுத்திருந்தால் வித்தியாசத்தைப் பிறகு கணக்கில் பிடித்துக்கொள்வார்கள். பிரையாரிட்டி மெயில் என்ற வேறு சேவைக்கென்று இலவசமாகத் தரும் பெட்டியில் கிரவுண்ட் அட்வான்டேஜ் லேபிள் ஒட்டவே கூடாது. அது கண்ணில் பட்டால் நிறுத்திவைத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் பிரையாரிட்டி கட்டணம் கேட்பார்கள்.

லேபிள்தான் அதிகம் கெடுக்கிற இடம். பெல்ட்டில் போகும் பார்சலை மேலிருந்து கேமரா படிக்கிறது. பார்கோடு படிக்கவில்லை என்றால் பெட்டி ஒதுக்குத் தொட்டியில் விழும். முன்பு அதைச் சில மணி நேரத்தில் ஒருவர் எடுத்துக் கையால் அடித்துவிடுவார். ஆள் குறைந்த ஷிஃப்டில் அது அடுத்த நாள் வரை அங்கேயே கிடக்கும். தடுக்க வழி எளிது. 4க்கு 6 அங்குல லேபிளைப் பெட்டியின் பெரிய முகத்தில், மடிப்பிலோ விளிம்பிலோ மூடி சேரும் இடத்திலோ படாமல் ஒட்டுங்கள். தெர்மல் லேபிளின் பார்கோடு மேல் பளபளப்பான டேப் போடாதீர்கள், வெளிச்சம் பட்டுத் தெறித்தால் கேமராவுக்குக் கோடு தெரியாது. சாதாரண இங்க்ஜெட் தாள் என்றால் ஓரங்களை மட்டும் டேப்பால் மூடினால் போதும். பாலிமெயிலர் என்ற பிளாஸ்டிக் பையில் ஒட்டுவதற்கு முன் உள்ளே இருக்கும் காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு, பையை இழுத்துப் பிடித்து ஒட்டுங்கள். சுருக்கம் பார்கோடின் குறுக்கே விழுந்தால் அதே கதிதான். பழைய பெட்டியை மறுபடி பயன்படுத்தினால் பழைய பார்கோடுகளைக் கறுப்பு மார்க்கரால் அடித்தால் போதாது, தாள் ஒட்டி முழுக்க மறையுங்கள். இரண்டு பார்கோடு தெரிந்தால் பெட்டி வந்த ஊருக்கே திரும்பிப் போகக்கூடும். உள்ளேயும் ஒரு தாளில் அனுப்புநர், பெறுநர் முகவரியைப் போட்டுவைக்க மறக்காதீர்கள். லேபிள் உரிந்துபோன பார்சலைத் திறந்து பார்ப்பவருக்கு அந்த ஒரு தாள்தான் ஆதாரம்.

முகவரியில் அபார்ட்மென்ட் எண் விடுபட்டால் தபால்காரரால் சேர்க்க முடியாமல் உள்ளே திரும்பும், அங்கேயும் ஒரு கிளார்க் கைபட வேண்டும். லேபிள் வாங்கும்போது மென்பொருள் முகவரியைத் திருத்திக் காட்டினால் அலட்சியமாகத் தாண்டாதீர்கள். வாங்கியவருக்கு ஒரு செய்தி அனுப்பி உறுதி செய்துகொள்வது ஐந்து நிமிட வேலை.

அடுத்தது, ஆட்குறைப்போடு சேர்ந்தே வந்த இன்னொரு மாற்றம். பலருக்கு இது தெரியாமலேயே தாமதம் ஆகிறது. 2025 ஏப்ரல் 1, ஜூலை 1 என இரண்டு கட்டமாக டெலிவரி கால அளவுகளை மாற்றினார்கள். வட்டாரப் பிரிப்பு மையத்திலிருந்து 50 மைலுக்கு மேல் தள்ளியிருக்கும் போஸ்ட் ஆபீஸ்களில் மாலை லாரி நிறுத்தப்பட்டது. காலையில் தபாலைக் கொண்டுவந்து இறக்கும் லாரியே, முந்தைய நாள் சேர்ந்ததை ஏற்றிக்கொண்டு போகும். அதாவது செவ்வாய் மதியம் 3 மணிக்குக் கொடுத்தாலும் பார்சல் புதன் காலையில்தான் நகரும். சனிக்கிழமை கொடுத்தால் திங்கள்வரை அங்கேயே இருக்க வாய்ப்பு அதிகம். கிராமப்புறங்களுக்குத்தான் இதில் அடி அதிகம் விழும் என்று தபால் ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரியிலேயே எச்சரித்தது.

உங்கள் போஸ்ட் ஆபீஸ் இந்த வகையா என்று டிராக்கிங்கைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். பழைய ஆர்டர்கள் பத்தின் டிராக்கிங் பக்கத்தைத் திறந்து, பார்சலை ஏற்றுக்கொண்ட ஸ்கேன் நேரத்தையும், வட்டார மையத்துக்கு வந்து சேர்ந்த ஸ்கேன் நேரத்தையும் எழுதிப் பாருங்கள். அன்றிரவே மையத்துக்குப் போயிருந்தால் மாலை லாரி இருக்கிறது. தொடர்ந்து மறுநாள் மதியம் அல்லது மாலை என்று காட்டினால் இல்லை. இல்லையென்றால் இரண்டே வழி. மையத்துக்குப் பக்கமாக இருக்கும் வேறு போஸ்ட் ஆபீஸில் கொடுப்பது, முடியாவிட்டால் கடையின் ஹேண்ட்லிங் நேரத்தை, அதாவது ஆர்டர் வந்த பிறகு பார்சலை அனுப்ப நீங்கள் சொல்லும் கால அவகாசத்தை, ஒரு நாள் கூட்டுவது. பத்து மைல் கூடுதலாக ஓட்டினால் ஒரு முழு நாள் மிச்சமாகிற ஊர்கள் உண்டு, முதலில் வரைபடத்தைப் பாருங்கள்.

டிராக்கிங்கைப் பற்றி இன்னொன்று. 'இன் ட்ரான்சிட்' என்று தினமும் மாறி மாறிக் காட்டுவது எல்லாம் ஸ்கேன் அல்ல. ஸ்கேன் வராத நாட்களில் கணினி தானாகப் போடும் வரிகளும் அதில் உண்டு. ஊர்ப் பெயரோடு வந்த கடைசி ஸ்கேன் எது என்பதை மட்டும் நம்புங்கள். வாங்கியவர் கேட்கும்போதும் அதையே சொல்லுங்கள்.

கவுண்டர் வரிசை நீண்டுவிட்டது என்பது எல்லோரும் சொல்லும் குறை, நியாயமான குறைதான். ஆனால் லேபிளை முன்பே வாங்கிய விற்பனையாளருக்கு வரிசையில் நிற்க வேண்டிய அவசியம் ஒன்றே ஒன்றுக்குத்தான்: ஏற்பு ஸ்கேன், அதாவது பார்சலைத் தபாலில் ஏற்றுக்கொண்டதாகப் பதியும் ஸ்கேன். போஸ்ட் ஆபீஸ் முன்கூடத்தில் இருக்கும் தொட்டியில் போட்டுவிட்டுப் போனால் சில சமயம் முதல் ஸ்கேன் பிரிப்பு மையத்தில்தான் விழும், ஒன்றிரண்டு நாள் கழித்து. அதுவரை லேபிள் மட்டும் தயார், பொருள் வரவில்லை என்றே வாங்கியவருக்குக் காட்டும். இதற்கு மாற்று ஸ்கேன் ஃபார்ம், அதாவது 5630 எண் படிவம். அன்றைய லேபிள்கள் எல்லாவற்றையும் ஒரே பார்கோடில் சேர்த்து ஒரு தாளாக அச்சடித்துத் தரும். கிளார்க்கோ, வீட்டுக்கு வரும் தபால்காரரோ அந்த ஒரு பார்கோடை ஸ்கேன் செய்தால் நாற்பது பார்சல் இருந்தாலும் எல்லாம் ஏற்கப்பட்டதாகப் பதிவாகும். இலவச பிக்கப் பதிவு செய்து தபால்காரரிடமே கொடுத்தால் போஸ்ட் ஆபீஸுக்கே போக வேண்டாம்.

இதில் தவறு நடக்கும் இடங்கள் மூன்று. படிவத்தில் எல்லா லேபிளும் ஒரே தேதி, ஒரே அனுப்பும் ஜிப் கோடு கொண்டதாக இருக்க வேண்டும். படிவம் உருவாக்கிய பின் புதிய லேபிளைச் சேர்க்க முடியாது, எனவே கடைசி ஆர்டரையும் முடித்த பிறகு உருவாக்குங்கள். மூன்றாவதுதான் மோசமானது: படிவத்தில் இருக்கும் ஒரு பார்சல் வீட்டு மேசையிலேயே விடுபட்டுவிட்டால், அது தபாலில் போய்விட்டதாகவே பதிவு காட்டும். வாங்கியவரும் நீங்களும் ஒரு வாரம் தேடிக்கொண்டிருப்பீர்கள். கொடுப்பதற்கு முன் படிவத்தில் உள்ள எண்ணிக்கையையும் பெட்டிகளையும் எண்ணிச் சரிபாருங்கள்.

அந்த ஏற்பு ஸ்கேனுக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்றால், சந்தைத் தளங்கள் அதை வைத்துத்தான் உங்களை அளக்கின்றன. ஈபேயில் ஹேண்ட்லிங் நேரத்துக்குள் ஏற்பு ஸ்கேன் விழுந்துவிட்டால், பிறகு தபால் தாமதமானாலும் அது உங்கள் தாமதமாகக் கணக்கில் வராது. அங்கே சிறந்த விற்பனையாளருக்குத் தரும் டாப் ரேட்டட் நிலைக்குத் தாமத விகிதம் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எட்ஸியில் அதேபோன்ற ஸ்டார் செல்லர் நிலைக்கு 95 சதவீத ஆர்டர்கள் டிராக்கிங்கோடு நேரத்துக்குக் கிளம்பியிருக்க வேண்டும். அமேசானில் நிலைமை கடுமை. நீங்களே அனுப்பும் ஆர்டர்களில் 90 சதவீதம் சொன்ன நாளுக்குள் சேர்ந்திருக்க வேண்டும், அங்கே தபாலின் தாமதமும் உங்கள் தலையில் விழும். தப்பிக்க, ஷிப்பிங் அமைப்புகளையும் ஹேண்ட்லிங் நேரத்தையும் அமேசானின் தானியங்கி ஏற்பாட்டில் விட்டு, பை ஷிப்பிங் பகுதியில் பாதுகாப்புக் குறி உள்ள லேபிளை வாங்கி, நேரத்துக்கு அனுப்ப வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் பாதுகாப்பு கிடையாது.

பார்சல் தொலைந்தால் என்ன செய்வது என்பதில் யூ.எஸ்.பி.எஸ்.ஸுக்கு எப்போதுமே நல்ல மதிப்பெண் தர முடிந்ததில்லை. முதலில் இணையத்தில் ஹெல்ப் ரிக்வெஸ்ட் போடுங்கள், அது பெறுநரின் போஸ்ட் ஆபீஸுக்குப் போகும். ஏழு வேலை நாளில் பலன் இல்லையென்றால் மிஸ்ஸிங் மெயில் சர்ச், அதாவது தொலைந்த தபாலைத் தேடச் சொல்லும் கோரிக்கை. அதில் 'டி-ஷர்ட்' என்று மட்டும் எழுதாமல் நிறம், அளவு, பெட்டியின் தோற்றம், புகைப்படம் எல்லாம் கொடுங்கள். முகவரி தெரியாத பார்சல்கள் போய்ச் சேரும் அட்லான்டா மீட்பு மையத்தில் அதை வைத்துத்தான் பொருத்திப் பார்ப்பார்கள். தொலைந்த பார்சலுக்கான காப்பீட்டை அனுப்பிய நாளிலிருந்து 15 நாள் கழிந்த பிறகுதான் கோர முடியும், உடைந்ததற்கு உடனே கோரலாம், எதுவானாலும் 60 நாள் தாண்டினால் கதவு மூடிவிடும். விற்ற விலைக்கான ஆர்டர் ரசீது, உடைந்திருந்தால் பொருளோடு பெட்டியின் படமும் வேண்டும். வாங்கியவரிடம் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம் என்று அன்றே சொல்லிவிடுங்கள். நிராகரித்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், ஆதாரம் சரியாக இருந்தால் செய்யத் தயங்காதீர்கள்.

தனியார் பார்சல் நிறுவனமான யூ.பி.எஸ்.ஸுக்கு மாறிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: அங்கேயும் 2025 ஏப்ரலில் 20,000 வேலைகளைக் குறைப்பதாகவும் 73 கட்டடங்களை மூடுவதாகவும் அறிவித்தார்கள். தவிர, தனியார் நிறுவனங்கள் வீட்டு முகவரிக்கும் ஒதுக்குப்புற ஊர்களுக்கும் தனிக் கட்டணம் சேர்க்கின்றன. பி.ஓ. பாக்ஸ், வெளிநாட்டு ராணுவ முகவரிகளுக்கு யூ.எஸ்.பி.எஸ். தவிர வேறு வழி இல்லை என்றே சொல்லலாம். ஆனால் ஐந்து பவுண்டுக்கு மேற்பட்ட, 22 அங்குலத்தைத் தாண்டும், பக்கத்து மாநிலங்களுக்குப் போகும் பெட்டிகளுக்கு யூ.பி.எஸ். கிரவுண்ட் விலையை ஒவ்வொரு முறையும் ஒப்பிடுங்கள். தபாலில் கைபட வேண்டிய பார்சல் அதுதான் என்பதால், விலை சற்று கூடினாலும் அங்கே கொடுப்பதே நல்லது. 100 டாலருக்கு மேல் மதிப்புள்ளதை எதில் அனுப்பினாலும் கூடுதல் காப்பீடு எடுங்கள். அக்டோபர் முதல் ஜனவரி வரை விலையும் ஏறும், பிரிப்பு மையங்களும் நிரம்பி வழியும். கிறிஸ்துமஸ் ஆர்டர்களுக்கு டிசம்பர் முதல் வாரத்திலேயே ஹேண்ட்லிங் நேரத்தை மாற்றி, ஆர்டர் செய்வதற்கான கடைசித் தேதியைக் கடையின் முகப்பில் போட்டுவிடுங்கள்.