174 டொலரும் போய், மகனின் முழங்கையும் வீங்கிப்போய் நிற்கிறோம்: ஹொக்கி எல்போ பேட் வாங்க இருக்கும் பெற்றோருக்கு

கனடாவில் பிள்ளைகளை ஐஸ் ஹொக்கிக்கு விட்டிருக்கும் தமிழ்ப் பெற்றோர் எல்லாரும் இதைத் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். ஒரு சோடி எல்போ பேட்டுக்கு (முழங்கைக் காப்புக்கு) 174 டொலர் கட்டினோம். வந்தது போலிச் சாமான். அதைப் போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போன என் மகன் முழங்கை வீங்கி வீட்டில் இருக்கிறான். விற்றவர்கள் இப்போது போனையும் எடுப்பதில்லை, மெசேஜுக்கும் பதில் இல்லை. இன்று காலையில் பார்த்தால் என்னை பிளாக் பண்ணியிருக்கிறார்கள். அந்த ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன். எல்போ பேட்டை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும் கீழே எழுதுகிறேன்.

மகன் இந்த முறை யூ-15 (15 வயதுக்குக் கீழ்) பிரிவில், போட்டி அணி ஒன்றில் விளையாடுகிறான். 11, 12 வயதுப் பிள்ளைகளுக்கு உடலால் மோதி விளையாடுவதை, நாட்டின் ஹொக்கி அமைப்பான ஹொக்கி கனடா 2013-இல் நிறுத்திவிட்டது. அதனால் இங்கே வளரும் பிள்ளைகள் பலருக்கு இந்த வயதில்தான் பொடி செக்கிங் (அந்த உடல் மோதல்) என்றால் என்ன என்றே தெரியவருகிறது. ஒரே அணியில் ஒருவன் மீசை முளைத்து ஆறடிக்குக் கிட்ட நிற்பான், இன்னொருவன் இன்னும் சின்னப்பிள்ளை மாதிரி இருப்பான். இரண்டு பேரும் ஒரே சுவரில்தான் மோதுகிறார்கள்.

போன வருடம் வரை போட்ட பேட் ஜூனியர் அளவு. கோடையில் கை விறுவிறென்று நீண்டுவிட்டது. ஷோல்டர் பேட் முடியும் இடத்துக்கும் எல்போ பேட் தொடங்கும் இடத்துக்கும் நடுவில் நாலு விரல் வெறும் கை தெரிந்தது. அண்ணன்மார் போட்ட பழைய பெரிய பேட் ஒன்றைப் போட்டுப் பார்த்தான். அது தடிப்பு, கை மடங்கவில்லை. “அம்மா, இதோடை ரிஸ்ட் ஷொட் அடிக்கேலாது” என்றான். மணிக்கட்டைச் சுழற்றி அடிக்கும் அடி அது. எல்போ பேட்டில் உள்ள கஷ்டமே இதுதான். தடிப்பாக இருந்தால் கை மடங்காது, மெல்லியதாக இருந்தால் விழும்போது காப்பாற்றாது, இரண்டும் சரியாக இருந்தாலும் தோலில் உரசினால் பிள்ளை இரண்டாம் நாளே கழற்றி எறிந்துவிடும்.

அந்த நேரம்தான் சமூக வலைத்தளத்தில் ஒரு விளம்பரம் வந்தது. ஹொக்கிச் சாமான்களை ‘கிளியரன்ஸ்’ என்று போட்டு விற்கும் ஒரு பக்கம். கடையும் இல்லை, முகவரியும் இல்லை, பக்கம் மட்டும்தான். பெரிய பிராண்டின் உயர்தர பேட், 249 டொலர் சாமான், 154-க்குத் தருகிறோம், அனுப்பும் செலவு 20 என்று இருந்தது. மொத்தம் 174. ஆங்கிலத்தில்தான் கேள்வி கேட்டேன். என் பெயரைப் பார்த்திருக்க வேண்டும். “வணக்கம் அக்கா” என்று தமிழில் பதில் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டும். அந்த ஆள் விலையைப் பற்றி முதலில் வாயே திறக்கவில்லை. கேள்விதான் கேட்டார். “தம்பி டிஃபென்ஸோ ஃபோர்வர்டோ? க்ளவ்ஸின்ரை கஃப் நீளமோ கட்டையோ? முன்னங்கைப் பக்கம் நீளமா வேணுமோ?” எல்லாம் சரியான கேள்விகள். டிஃபென்ஸ் விளையாடும் பிள்ளை பக்கை (தட்டி விளையாடும் ரப்பர் வட்டை) மறித்து விழும், ஸ்டிக் அடியும் கூட வாங்கும். அவனுக்கு முன்னங்கையை நன்றாக மூடும் பேட் வேண்டும். ஃபோர்வர்டுக்குக் கொஞ்சம் குறைந்தாலும் கை இலகுவாக மடங்க வேண்டும். கையுறையின் கஃப் (மணிக்கட்டை மூடும் பகுதி) கட்டையாக இருந்தால் பேட் நீளமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மணிக்கட்டுக்கு மேலே அடிபடும். இதெல்லாம் தெரிந்த ஒருவர்தான் இப்படிக் கேட்பார் என்று யாரும் நினைப்பார்கள். டேப் எடுத்து, ஷோல்டர் பேட் முடியும் இடத்திலிருந்து கையுறை தொடங்கும் இடம் வரை அளந்து அனுப்பச் சொன்னார். அளந்து அனுப்பினேன்.

பிறகு ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தது. இன்னும் என் போனில் இருக்கிறது. “அக்கா, என்ரை மகனும் விளையாடுறான். அவனுக்கு எடுக்கிற மாதிரித்தான் உங்கடை பிள்ளைக்கும் எடுத்து அனுப்புவன். பயப்பிடாதேங்கோ. இதிலை வசதியும் இருக்கு, கையும் மடங்கும், அடியும் தாங்கும். மூண்டும் சேந்த சாமான்.” பின்னால் ஒரு சின்னப்பிள்ளை சிரிக்கும் சத்தமும் கேட்டது. அந்தக் குரலை நம்பித்தான் காசு போனது. கார்டில் கட்டலாமா என்று கேட்டேன். “கார்ட் எண்டால் அவங்கள் எங்களிட்டை வெட்டுவாங்கள் அக்கா, ஈ-ட்ரான்ஸ்ஃபர் பண்ணிவிடுங்கோ, இண்டைக்கே போஸ்ட் பண்ணுறன்” என்றார். ஈ-ட்ரான்ஸ்ஃபர் என்றால் வங்கிக் கணக்கிலிருந்து நேரே காசு அனுப்புவது. 174 டொலர் அனுப்பினேன். அவர்களின் கணக்கில் ஓட்டோ டெபாசிட் போட்டிருந்தார்கள், கடவுச்சொல் எதுவும் கேட்காமல் உடனே போய் விழுந்துவிட்டது.

பார்சல் சொன்ன நாளில் வரவில்லை. வந்தபோது பெட்டி கிடையாது, கறுப்பு பிளாஸ்டிக் பையில் சுற்றி வந்தது. மேலே பிராண்ட் பெயர் எல்லாம் சரியாக இருந்தது, நிறமும் படத்தில் இருந்த அதே நிறம். அன்று மாலையே பயிற்சி இருந்தது. மகன் ஆசையாகப் போட்டுக்கொண்டு போனான்.

சுவரோரத்தில் பக்கை எடுக்கும் பயிற்சி. பின்னால் வந்த பையன் சட்டப்படிதான் மோதினான், அவனில் பிழை இல்லை. என் மகன் பின்புறமாக விழுந்தான். விழும்போதே பேட் வழுக்கி முன்னங்கைக்கு இறங்கிவிட்டது. வெறும் முழங்கை ஐஸில் அடிபட்டது. மேலே கண்ணாடிக்கு வெளியே நின்ற எனக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை, ஆனால் அவன் எழும்பாமல் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்தேன். இரவுக்குள் முழங்கை முனையில் எலுமிச்சம்பழம் அளவு வீக்கம். எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு முறியவில்லை. முழங்கை முனையில் எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் இருக்கும் சின்ன நீர்ப்பை அடிபட்டு வீங்கியிருக்கிறது என்று டொக்டர் சொன்னார். அந்த இடத்தில் சதை என்று ஒன்றும் இல்லை, அதனால்தான் ஹொக்கியில் எல்போ பேட் இல்லாமல் ஐஸில் இறங்க விடுவதில்லை.

வீட்டுக்கு வந்து அந்தப் பேட்டை மேசையில் வைத்துப் பார்த்தோம். அளவு எழுதிய ஸ்டிக்கர் ஓரம் கிளம்பியிருந்தது. உரித்தால் அடியில் வேறொரு ஸ்டிக்கர், அதில் வேறு அளவு. கைப்பட்டியில் உள்ள வெல்க்ரோ ஒரே பயிற்சியில் பஞ்சு கிளம்பிப் பிடிப்பை விட்டிருந்தது. இவர் கத்தரிக்கோலால் தையலைப் பிரித்தார். நல்ல பேட்டில் முழங்கை முனை உட்கார ஒரு குழி இருக்கும். குழிக்குச் சுற்றிவர அடர்த்தியான ஃபோம், அதற்கு வெளியே உறுதியான பிளாஸ்டிக் கிண்ணம், அதற்கும் வெளியே மெத்தென்ற ஒரு படை. விழும்போது எலும்பு முனை எதிலும் நேராக இடிபடாது, அடி சுற்றிவரப் பரவிவிடும். இதிலே குழியே இல்லை. தொலைக்காட்சிப் பெட்டியை பாக் பண்ணி வரும் வெள்ளை ஸ்பொஞ்ச் ஒரு துண்டு, அதன்மேல் பசை போட்டு ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக். கட்டைவிரலால் அமர்த்தினேன், உள்ளே போய்விட்டது. என் கட்டைவிரலுக்குத் தாங்காதது என் பிள்ளையின் உடல் பாரத்தைத் தாங்குமா?

விளம்பரத்தில் இன்னொன்று போட்டிருந்தார்கள்: ‘சிஎஸ்ஏ சான்று பெற்றது’. சிஎஸ்ஏ என்பது கனடாவின் ஒரு தரச் சான்று அமைப்பு. கனடாவில் ஹொக்கி ஹெல்மெட்டிலும் முகக்கவசத்திலும் சிஎஸ்ஏ அடையாளம் இருக்கும். கழுத்துக் காப்பில் கியூபெக்கின் தரச் சான்றான பிஎன்கியூ இருக்கும். எல்போ பேட்டுக்கு அப்படியொரு சான்றே கிடையாது. இல்லாத சான்றை அச்சடித்துப் போட்டிருக்கிறார்கள்! ‘வெளியே இரும்புபோல் கடினம்’ என்றும் பெருமையாக எழுதியிருந்தார்கள். பெரிய தொழில்முறை லீக்கான என்ஹெச்எல் விதியிலேயே எல்போ பேட்டின் வெளிப்பக்கம் அரை அங்குலத்துக்குக் குறையாமல் மெத்தென்ற படை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது ஆபத்தான சாமான் என்று இருக்கிறது. மற்றப் பிள்ளையின் முகத்தில் அடிபடக்கூடாதே என்பதற்காக வைத்த விதி அது.

இனி அவர்கள் தட்டிக்கழித்த கதை. முதலில் படத்தோடு மெசேஜ் போட்டேன். “புது பேட் அப்பிடித்தான் அக்கா வழுக்கும், நாலு தரம் போட்டால் கையிலை பிடிச்சுக்கொள்ளும்.” வீங்கிய முழங்கையின் படத்தை அனுப்பினேன். “தம்பி பட்டியை வடிவா இறுக்கேல்லைப் போல.” அடிபட்ட பிள்ளையில் பழியைப் போட்டதை வாசித்தபோது எனக்குக் கை நடுங்கியது. இரண்டு ஸ்டிக்கர் ஏன் என்று கேட்டேன். அளவு நீங்கள் சொன்னதுதானே என்றார். திருப்பி எடுங்கள், என் 174 டொலரைத் தாருங்கள் என்றேன். ஐஸில் போட்ட சாமானைச் சுகாதாரக் காரணத்தால் எடுக்க மாட்டார்களாம். சரி, மனேஜரோடு கதைக்க வேண்டும் என்றேன். அதற்குப் பிறகு தமிழ் நின்றது. ஆங்கிலத்தில், பெயர் இல்லாமல், அடுத்த முறை வாங்கும்போது 20 டொலர் கழிவு என்று ஒரு கூப்பன் வந்தது. நான் விடவில்லை. கடைசியில், உங்கள் செலவில் பார்சலைத் திருப்பி அனுப்புங்கள், பரிசோதித்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்று ஒரு முகவரி தந்தார்கள். அது கனடாவிலேயே இல்லை. அங்கே அனுப்புவதற்கே எழுபது டொலருக்கு மேல் வரும். அந்த முகவரியைக் கேள்வி கேட்டதோடு பிளாக்.

வங்கிக்குப் போனேன். ஈ-ட்ரான்ஸ்ஃபர் கணக்கில் விழுந்த பிறகு அதை நிறுத்த முடியாது, நீங்களே அனுப்பியதால் எங்களால் திருப்ப இயலாது என்றார்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் தகராறு போட்டுக் கேட்கலாமாம். கார்ட் வேண்டாம் என்று அந்த ஆள் ஏன் அவ்வளவு அன்பாகச் சொன்னார் என்று இப்போது விளங்குகிறது. கனடிய மோசடித் தடுப்பு மையத்திலும் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 174 டொலர் பெரிய காசா என்று சிலர் கேட்பீர்கள். அணிக் கட்டணம், ஸ்கேட், ஸ்டிக், காலையில் ஐந்து மணிக்கு அரீனாவுக்கு ஓட்டம் என்று இவர் இரண்டு ஷிப்ட் செய்து கட்டும் வீட்டில் 174 டொலர் பெரிய காசுதான்.

இப்போது பழைய விளையாட்டுச் சாமான் விற்கும் ஒரு கடையில் பாவித்த பேட் ஒன்று 40 டொலருக்கு எடுத்து வைத்திருக்கிறோம். அங்கே நின்ற வயதான வெள்ளைக்காரர் மகனை ஷோல்டர் பேட், கையுறை எல்லாம் போடவைத்து, கையில் ஸ்டிக்கையும் கொடுத்து, அதற்குப் பிறகுதான் எல்போ பேட்டைக் கட்டினார். வீங்காத கையில்தான். கையை முழுதாக மடக்கித் தோளைத் தொடச் சொன்னார். நீட்டச் சொன்னார். பிறகு பேட்டைப் பிடித்து மணிக்கட்டுப் பக்கம் ஒரு இழுப்பு இழுத்தார். அசையவில்லை. நீளம், தடிப்பு எல்லாம் அதற்குப் பிறகு பார்க்கிற விஷயம், இடத்தில் நிற்காத பேட் எவ்வளவு நல்ல ஃபோமாக இருந்தாலும் பிரயோசனமில்லை என்று சொன்னார்.

நிறைய எழுத நினைத்திருந்தேன், மகனை பிசியோவுக்குக் கொண்டுபோக நேரமாகிவிட்டது. அவசரமாகச் சிலதைச் சொல்கிறேன். போட்டுப் பார்க்காமல் வாங்காதேங்கோ. பிள்ளை வளரும் என்று பெரிய அளவு எடுக்காதேங்கோ, கட்டாயம் வழுக்கும். ஷோல்டர் பேட்டுக்கும் எல்போ பேட்டுக்கும் நடுவில், எல்போ பேட்டுக்கும் கையுறைக்கும் நடுவில் ஒரு விரலுக்கு மேல் வெறும் கை தெரியக்கூடாது. கிண்ணத்தைக் கட்டைவிரலால் அமர்த்திப் பாருங்கள், உள்ளே குழி இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். பழையது வாங்கினால் வெல்க்ரோவைப் பிரித்துப் பிரித்து ஒட்டிப் பாருங்கள். முகம் தெரியாத பக்கத்துக்கு ஈ-ட்ரான்ஸ்ஃபர் பண்ணவே வேண்டாம், தமிழில் கதைத்தாலும் சரி.

அந்தப் பக்கம் பெயரை மாற்றி மாற்றி வருகிறது என்று இன்னொரு அம்மா சொன்னார், அவருக்கும் ஷின் கார்டில் (முன்னங்கால் காப்பில்) இதே கதைதானாம். பெயரைப் போட்டுப் பிரயோசனமில்லை. படங்கள் மட்டும் மாறுவதில்லை: நீல நிறக் கம்பளத்தின் மேல் சாமானை வைத்து எடுத்த படங்கள், ஓரத்தில் வெள்ளை ஹீட்டர் ஒன்று தெரியும். அப்படிப் படம் கண்டால் ஒரு சதமும் அனுப்பாதேங்கோ. இதே பக்கத்தில் ஏற்கெனவே காசு கட்டியவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், எல்லாருமாகச் சேர்ந்து முறைப்பாடு கொடுப்போம்.