பழைய டெவலப்பர்களில் எதை நம்பலாம்: ரோடினால், எச்.சி-110, டி-76, எக்ஸ்டால்

இருட்டறையை மூடிவிட்ட ஒருவரிடமிருந்து ரசாயனப் புட்டிகள் கைக்கு வரும்போது, அவற்றில் அச்சிட்ட தேதியைப் பார்த்தே பலரும் முடிவெடுக்கிறார்கள். ஃபிலிமில் பதிந்த படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் கெட்டுப்போனால், அதை வெளிக்காட்டுமா, காட்டாதா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. செயலிழந்த டெவலப்பரில் ஊறிய ஃபிலிம், படத்தை நிலைப்படுத்தும் ஃபிக்ஸருக்குள்ளும் போய்விட்டால், அதிலிருந்த படத்தை மீட்க வழியே இல்லை.

1891இல் காப்புரிமை பெற்ற ரோடினாலை இந்த வரிசையில் தயங்காமல் முதலிடத்தில் வைக்கலாம். பாரா-அமினோஃபீனாலைக் கடுமையான காரத்தில் கரைத்து வைத்த அந்த அடர்கரைசல் கரும்பழுப்பாக மாறி, அடியில் படிகங்கள் தங்கியிருந்தாலும், பல்லாண்டுகள் கழித்தும் வேலை செய்கிறது. 1:50 (ஒரு பங்குக்கு 50 பங்கு தண்ணீர்) என்ற அளவில் நீர்த்தால், ஒருமுறை பயன்படுத்திவிட்டுக் கொட்டிவிட வேண்டும். வேகமான, அதாவது ஒளியுணர்வு மிகுந்த ஃபிலிம்களில் படத்தின் துகள்கள் பெரிதாகத் தெரிவது மட்டுமே இதன் குறை. அதைக் குறையென்று சொல்லாதவர்களும் உண்டு.

1962இல் வந்த எச்.சி-110இல் புதியதைவிடப் பழையதே மேல் என்பது வேடிக்கை. தொடக்கக்காலப் பாகு கெட்டியானது. அதில் தண்ணீர் ஏறக்குறைய இல்லாததால் ஆக்சிஜனேற்றம் மிக மெதுவாகவே நடக்கும். 2019இல் கலவை மாற்றப்பட்டு, பாகு நீர்த்தது; அதன் ஆயுளைப் பழையதற்கு நிகராக எதிர்பார்க்க முடியாது. பழைய புட்டி கிடைத்தால், தேவையான சில மில்லிலிட்டரை ஊசிக்குழலில் உறிஞ்சி, 1:31 அளவில் அப்போதைக்கப்போது கலந்துகொள்வதே நல்லது.

டி-76இன் இயல்பு வேறு. ஒரு லிட்டருக்கு 2 கிராம் மெட்டால், 5 கிராம் ஹைட்ரோகுவினோன், 100 கிராம் சோடியம் சல்ஃபைட், 2 கிராம் போராக்ஸ் என்ற எளிய கலவை அது. பிரிக்காத பொட்டலத்தில் தூள் வெண்மையாகவே இருந்தால் நம்பிக்கையோடு சோதித்துப் பார்க்கலாம். பழுப்பேறியிருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். கரைத்தபின், விளிம்புவரை நிரப்பி மூடிய புட்டியில்கூட ஆறு மாதம்தான் கணக்கு. அதற்குள்ளேயே காரத்தன்மை மெல்ல ஏறி, நெகட்டிவின் கான்ட்ராஸ்ட் கூடக்கூடும்.

துகள் நேர்த்தியில் இந்த நான்கில் எக்ஸ்டாலே சிறந்தது என்பது என் கருத்து; ஆனால் பழைய சரக்காக அதை வாங்க மாட்டேன். 1996இல் அறிமுகமான அது அஸ்கார்பிக் அமில வகைச் சேர்மத்தை நம்பி இயங்குவது. செயலிழந்த பிறகும் அதன் கரைசல் நிறமின்றித் தெளிவாகவே இருக்கக்கூடும் என்பதால், பார்வை நம்மை ஏமாற்றிவிடும்.

எதுவானாலும் சோதனை ஒன்றே: ஃபிலிமின் முனைத் துண்டை அறை வெளிச்சத்திலேயே, 20 டிகிரி செல்சியஸில், உரிய நேரம் டெவலப்பரில் இட்டால், விளக்கே ஊடுருவித் தெரியாத அளவுக்கு அது கருக்க வேண்டும். டெவலப்பருக்கு உயிர் இருக்கிறது என்பதை மட்டுமே இது காட்டும், முழு வலிமையை உறுதிசெய்யாது. ஆகவே முக்கியமான சுருளுக்கு முன் வெற்றுச் சுருளொன்றில் எதையாவது எடுத்துக் கழுவிப் பார்ப்பது அவசியம். மெட்டால் சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரும், கையுறை வேண்டும். பெயர்ச்சீட்டு இல்லாத புட்டியைச் சோதிக்கவே வேண்டாம், ஏனெனில் நெகட்டிவின் அடர்த்தியைக் கூட்டும் பழைய இன்டென்சிஃபையர்களில் பாதரச உப்பும் இருந்ததுண்டு.

ஃபிக்ஸர் விஷயத்தில் இவ்வளவு அச்சம் தேவையில்லை. ஃபிக்ஸரின் மூலப்பொருளான உலர்ந்த ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) படிகங்கள் எளிதில் கெடுவதில்லை. திரவ ஃபிக்ஸர் கெட்டால் கந்தகம் மஞ்சள் கலந்த வெண்படிவாக அடியில் தங்கி, தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். டெவலப் செய்யாத ஃபிலிம் துண்டு அதில் தெளிய எடுக்கும் நேரம், புதிய ஃபிக்ஸரில் எடுப்பதைப்போல் இரு மடங்கானால் அந்த ஃபிக்ஸரை ஒதுக்கிவிட வேண்டும். அரைகுறையாக ஃபிக்ஸ் ஆன நெகட்டிவ் பால்போல் மங்கியிருந்தால், புதிய ஃபிக்ஸரில் மீண்டும் இட்டு, நன்றாக அலசினால் போதும். பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருப்பதால், அதைச் சாக்கடையில் ஊற்றாமல் தனிப் புட்டியில் சேர்த்து வைக்க வேண்டும்.