பிரான்ஸா, சிங்கப்பூரா? அரசுச் செலவைப் பற்றி ஓர் அலசல்

அரசு கையைச் சுருக்கினால்தான் நாடு வளரும் என்பவர்கள் உடனே சிங்கப்பூரைக் காட்டுவார்கள். தாராளமாகச் செலவழிக்க வேண்டும் என்பவர்களுக்கு பிரான்ஸும் ஸ்வீடனும். இரு தரப்பின் எண்களும் சரிதான். பிரான்ஸில் அரசுச் செலவு ஜிடிபியில், அதாவது நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தி மதிப்பில், சுமார் 57 சதவீதம். சிங்கப்பூரில் வழக்கமான ஆண்டுகளில் 20 சதவீதத்துக்கும் கீழே. இரண்டுமே பணக்கார நாடுகள் என்பதுதான் சங்கடம்.

கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். பிரான்ஸில் ஓய்வூதியத்துக்கே ஜிடிபியில் 13, 14 சதவீதம் போகிறது. அது அரசுச் செலவில் சேரும். சிங்கப்பூரில் 55 வயது வரையுள்ள ஊழியர் சம்பளத்தில் 20 சதவீதமும், முதலாளி 17 சதவீதமும் மசேநியில் (மத்திய சேமநிதி, ஓய்வுக்காலத்துக்கான கட்டாயச் சேமிப்பு) கட்டியாக வேண்டும். தப்பிக்க வழியில்லை. ஆனால் அவரவர் பெயரில் உள்ள சேமிப்பு என்பதால் அரசுச் செலவில் வராது. அப்புறம், குடியிருப்பவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் அரசு அமைப்பான வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய வீடுகளில் இருக்கிறார்கள். நிலத்தில் பெரும்பகுதி அரசுடையது. அரசு சேர்த்துவைத்த இருப்பு நிதியின் முதலீட்டு வருமானமும் பட்ஜெட்டுக்கு வருகிறது. இதைப் போய் ‘சின்ன அரசு’ என்கிறார்களே!

ஸ்வீடன் கதை வேறு. 1960இல் அங்கே அரசுச் செலவு ஜிடிபியில் மூன்றில் ஒரு பங்குதான். அப்போதே அது வசதியான நாடு. 1990களின் தொடக்கத்தில் 65 சதவீதத்தைத் தாண்டி, நெருக்கடியில் சிக்கி, பிறகு வெட்டிக் குறைத்தார்கள். வசதி வந்த பிறகே செலவு பெருகியது.

சரி, ஏழை நாடு யாரைப் பின்பற்றுவது? இலங்கையின் அரசுச் செலவும் 2022இல் ஜிடிபியில் 20 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. எண்ணை மட்டும் பார்த்தால் சிங்கப்பூருக்குப் பக்கத்தில்! ஆனால் 2019 இறுதியில் வற் வரியை (பொருள், சேவை மீதான மதிப்புக் கூட்டு வரி) 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்திருந்தார்கள். அரசின் வருவாய் ஜிடிபியில் 8 சதவீதம் அளவுக்குச் சுருங்கியது. அந்த வருவாயிலும் 70 சதவீதத்துக்கு மேல் கடன் வட்டிக்கே போனது. பள்ளிக்கும் மருந்துக்கும் மீதியையும் கடனையும் நம்ப வேண்டிய நிலை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தினார்கள்.

என்னைக் கேட்டால், வரி வசூலிக்கத் தெரியாத நாட்டுக்கு பிரான்ஸும் உதவாது, சிங்கப்பூரும் உதவாது. இலங்கை அந்த வசூலை இப்போது தேடுகிறது. வற் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதம் ஆனது. கடையில் அதைக் கொடுப்பதில் ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே விகிதம்தான்.