ஜெனரிக் மாத்திரை: இன்சூரன்ஸா, கூப்பனா, நேரடி விலையா?

அமெரிக்காவில் ஒரே ஜெனரிக் மாத்திரைக்கு, அதாவது பிராண்டு பெயர் இல்லாமல் விற்கும் அதே மருந்துக்கு, குறைந்தது நான்கு விலை உண்டு. கடையில் கேட்காமலே ஓட்டுவது இன்சூரன்ஸைத்தான். மலிவான மாத்திரைக்குப் பல சமயம் கோ-பேயைவிட (இன்சூரன்ஸில் நம் பங்காகக் கட்டும் தொகை) நேரடி விலையே குறைவாக இருக்கும். இதைப் பார்மசிஸ்ட் சொல்லக்கூடாது என்று வாயைக் கட்டிய ஒப்பந்தங்கள் முன்பு இருந்தன. 2018 அக்டோபரில் வந்த கூட்டாட்சிச் சட்டம் அவற்றைத் தடைசெய்தது. சொல்லலாம் என்று ஆனதே தவிர, சொல்லியே தீர வேண்டும் என்று ஆகவில்லை. அதனால் "இன்சூரன்ஸ் இல்லாமல் எவ்வளவு?" என்று நாம்தான் கேட்க வேண்டும்.

குட்ஆர்எக்ஸ், சிங்கிள்கேர் போன்ற நிறுவனங்கள் தரும் மருந்துத் தள்ளுபடிக் கூப்பன்கள் இலவசம். பின் (BIN), பிசிஎன் (PCN), குரூப், மெம்பர் ஐடி என்று அதிலுள்ள நான்கு எண்களையும் கவுன்ட்டரில் காட்டுங்கள். ஒன்று தவறினாலும் ரிஜெக்ட் ஆகும். ஒரே கூப்பனுக்குக் கடைக்குக் கடை விலை மாறும், அடுத்த ரீஃபில்லுக்குள்ளும் மாறியிருக்கும். கூப்பனையும் இன்சூரன்ஸையும் ஒரே பில்லில் சேர்க்க முடியாது. கூப்பனில் கட்டும் பணம் பொதுவாக டிடக்டிபிளில் (இன்சூரன்ஸ் பணம் தரத் தொடங்குமுன் வருடத்தில் நாம் கட்டித் தீர்க்க வேண்டிய தொகை) சேராது. பெரிய சிகிச்சை ஒன்று வரவிருக்கும் வருடத்தில் மாதம் சில டாலர் மிச்சம் பிடித்து டிடக்டிபிளைத் தள்ளிப்போடுவது வீண். கட்டுப்பாட்டு மருந்துகளுக்கு (அடிமைப்படுத்தக்கூடியவை என்று சட்டம் கட்டுப்படுத்துபவை) கூப்பனை ஏற்காத கடைகளும் உண்டு. இலவசத்துக்கு வேறு விலையும் இருக்கிறது: உடல்நலத் தகவலை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக 2023இல் குட்ஆர்எக்ஸ் மீது நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான எஃப்டிசி நடவடிக்கை எடுத்தது.

மருந்துக் கம்பெனிகளே தரும் கோ-பே கார்டு பிராண்டு மருந்துக்கானது. ஜெனரிக்குக்கு அதைத் தேடி அலைய வேண்டாம்.

வால்மார்ட்டின் மலிவு விலை ஜெனரிக் பட்டியல் 2006இலிருந்து இருக்கிறது. அதன் அடிப்படை விலை 30 நாளுக்கு 4 டாலர், 90 நாளுக்கு 10 டாலர். கார்டு, கூப்பன் எதுவும் தேவையில்லை. ஆனால் பட்டியலில் உள்ள அதே பலம், அதே எண்ணிக்கை என்றால்தான் இந்த விலை.

2022இல் தொடங்கிய காஸ்ட் பிளஸ் டிரக்ஸ் என்ற ஆன்லைன் மருந்துக்கடை கணக்கை வெளிப்படையாகவே போடுகிறது: கொள்முதல் விலை, அதற்கு மேல் 15 சதவீதம், பார்மசி கூலி 5 டாலர், தபால் 5 டாலர். மாத்திரை எவ்வளவு மலிவானாலும் 10 டாலர் தலையில் விழும், ஆகவே 4 டாலர் மருந்துக்கு இது தண்டம். இமாடினிப் என்ற புற்றுநோய் மருந்து மாதிரி கடையில் விலை எகிறும் ஜெனரிக்குக்கு இதை விஞ்சுவது கடினம். 90 நாளுக்கு எழுதி வாங்கினால் அந்தப் பத்து டாலரும் பரவிவிடும். தபாலில் வருவதால் இன்றே தொடங்க வேண்டிய ஆன்டிபயாட்டிக்குக்கு ஆகாது.

எந்த வழியில் போனாலும் முதலில் பார்க்க வேண்டியது மருந்துச்சீட்டில் எழுதியிருக்கும் வடிவம். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் ஈஆர் (ER, மெதுவாகக் கரையும் வடிவம்) என்ற ஒரே பெயரில் மூன்று வகை இருக்கின்றன. சாதாரண ஈஆர் மிக மலிவு. ஆஸ்மாட்டிக் (osmotic), மாடிஃபைடு ரிலீஸ் (modified release) என்று குறித்த இரண்டும் பல மடங்கு. டாக்டரின் கணினிப் பட்டியலில் தவறான வரியை அழுத்திவிட்டால் எந்தக் கூப்பனாலும் அதை ஈடுகட்ட முடியாது. தசை இறுக்கத்துக்கான டிசானிடினில் காப்ஸ்யூல்தான் விலை அதிகம், மாத்திரை மலிவு. பார்மசிஸ்ட் தானாக மாற்றித் தர முடியாது. உணவோடு சாப்பிடும்போது இரண்டும் உடலில் சேரும் விதமே வேறு. டாக்டர் அலுவலகத்துக்குப் போன் செய்து மலிவான வடிவம் ஒத்துவருமா என்று கேட்டு, புதுச் சீட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

விலைக்காக இரண்டு மூன்று கடைகளில் வாங்கினால், ஒரு கடையின் கணினிக்கு மற்றதில் வாங்கியது பெரும்பாலும் தெரியாது. மருந்துகள் ஒன்றோடொன்று மோதுகிறதா என்று அதனால் முழுமையாகச் சோதிக்க முடியாது. எல்லா மருந்தின் பட்டியலையும் ஒவ்வொரு கடையிலும் கொடுத்து வையுங்கள்.

இன்சூரன்ஸில் பில் போட்டுவிட்டார்கள் என்றாலும் கவலையில்லை. அதை ரத்துசெய்து கூப்பனில் மறுபடி ஓட்டச் சொல்லலாம். பையைக் கையில் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், கடையை விட்டு வெளியே போன மருந்தைப் பொதுவாகத் திருப்பி எடுக்கமாட்டார்கள்.