சந்தனமா, சாம்பலா? மூன்று மழைக்காலம் பார்த்த சுவர்கள்

பக்கத்து வீட்டு அண்ணன் ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறார். "உங்க வீட்டுலதான் ரெண்டு கலரும் இருக்கே, எது நல்லாருக்கு?" என்று கேட்டார். நின்ற இடத்தில் சொல்ல முடியவில்லை.

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு 2023 பொங்கலுக்கு அடித்தது. அம்மா ஆசைப்பட்டு மூன்று சுவர் சந்தனக் கலர், நான் பிடிவாதம் பிடித்து ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வெளிர் சாம்பல். ஒரே எமல்ஷன், ஒரே பெயிண்டர், பட்டி பார்த்து பிரைமர் அடித்து இரண்டு கோட்.

சாம்பலோடு எனக்குத் தகராறு ராத்திரியில்தான். டியூப் லைட் போட்டதும் சுவர் ஊதாவாகிவிடும். வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் கணக்கில் அது 6500, அதில் நீலம் அதிகம். சாம்பலுக்குள் இருக்கும் துளி நீலத்தை அது தூக்கிக் காட்டுகிறது. 3000 கெல்வின் மஞ்சள் பல்பு மாட்டினேன், சுவர் சரியானது. ஆனால் அந்த வெளிச்சத்தில் அம்மாவால் அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை. திரும்பவும் டியூப் லைட், திரும்பவும் ஊதா. மூன்று வருடமாக இதே எரிச்சல்.

அப்புறம் ஓதம். பழைய செங்கல் சுவர். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் தெருத்தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. சுவர் குடித்த ஈரம் காயக்காய உள்ளிருந்த உப்பையும் வெளியே கொண்டுவந்தது. முழங்கால் உயரத்துக்கு இரண்டு கலருமே பொரிந்தன. சந்தனத்தில் கிட்டப் போனால்தான் உப்புப் பூத்தது தெரியும். சாம்பலில் வாசலிலிருந்தே வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. போன மாதம்தான் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு டச்சப் செய்தோம். அதே ஷேடு நம்பர்தான், ஆனாலும் சாம்பலில் ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி இருக்கிறது. சந்தனத்தில் எங்கே தொட்டோம் என்று எனக்கே தெரியவில்லை.

கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் கரித்தூசியையும் சுவிட்சைச் சுற்றிப் படியும் கை அழுக்கையும் மட்டும் சாம்பல் கொஞ்சம் மறைக்கிறது.

மற்ற எல்லாம் சந்தனத்துக்குத்தான் சாதகம். ஆனால் நைட் ஷிப்ட் முடிந்து காலை ஆறரைக்கு வீட்டுக்குள் நுழைந்தால், கிழக்கு ஜன்னல் வெயில் அந்தச் சாம்பல் சுவரில் மெத்தென்று கிடக்கும். கண் எரிச்சல் அடங்கும். அந்த நேரத்தில் சந்தனச் சுவரைப் பார்க்கவே கண் கூசுகிறது.

அண்ணே, சாம்பலே அடிங்க. ஆனால் ஓதம் காய்ந்த பிறகு. சின்ன டப்பா வாங்கி ரெண்டடிக்கு அடித்து, ராத்திரி டியூப் லைட்டில் ஒருதரம் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்க.