கொதிக்கிற தண்ணி வச்சா ஓடுற எஞ்சின்: மூணு மாசம் கழிச்சு ஒரு ரிவ்யூ

ஸ்டெர்லிங் எஞ்சின் கிட் ஒண்ணு வாங்கி மூணு மாசம் ஆகுது. வாங்குன வாரமே ரிவ்யூ போட்டிருந்தா திட்டித்தான் எழுதிருப்பேன், ஏன்னா மொத நாலு நாள் அது ஓடவே இல்ல. இப்ப தினம் ராத்திரி ஒரு தடவையாவது ஓட்டிப் பாக்காம படுக்கறதில்ல. அதனால ஓடாத கதை, ஓடுன கதை ரெண்டையும் சேத்தே சொல்லிடறேன்.

தெரியாதவங்களுக்கு: இதுல பெட்ரோல் கிடையாது, ஸ்பார்க் கிடையாது, வால்வு கிடையாது, உள்ள எதுவும் எரியறதும் இல்ல. ஒரு மக்குல கொதிக்கிற தண்ணி ஊத்தி அதுமேல எஞ்சினத் தூக்கி வச்சு, ஒரு நிமிஷம் பொறுத்து ஃப்ளைவீல, அதாவது அதோட சுழல் சக்கரத்த, விரலால ஒரு சுண்டு சுண்டுனா போதும், சுத்த ஆரம்பிச்சிடும். கீழ ஒரு அலுமினியத் தட்டு, மேல ஒரு அலுமினியத் தட்டு, நடுவுல கண்ணாடி மாதிரி அக்ரிலிக் வளையம், அதுக்குள்ள தட்டையா ஒரு ஃபோம் வட்டு. அந்த வட்டுதான் டிஸ்ப்ளேசர், உள்ள அடைபட்டிருக்கிற காத்த மேலயும் கீழயும் இடம் மாத்தறது மட்டுந்தான் அதோட வேல. வட்டு மேல போனா காத்து ஓரமா நழுவிக் கீழ வந்து சூடாகி விரியும், விரிஞ்ச காத்து சின்ன பிஸ்டனத் தூக்கும், வட்டு கீழ இறங்குனா காத்து மேல் தட்டுப் பக்கம் போயி ஆறிச் சுருங்கும், அப்ப வெளிக்காத்து பிஸ்டன உள்ள அமுக்கும். வட்டும் பிஸ்டனும் கிராங்க்ல (சக்கரத்தச் சுத்துற வளைஞ்ச தண்டுல) கால் சுத்து தள்ளி, அதாவது 90 டிகிரி வித்தியாசத்துல மாட்டியிருக்கும். மொத்த எஞ்சினும் இவ்ளோதான்.

எனக்கு இது ஏன் இவ்ளோ பிடிச்சிருக்குன்னா, இதுல ஒளிவு மறைவே இல்ல. விசித்திரமான எஞ்சின்கள்னா எனக்கு உயிரு, நேப்பியர் டெல்டிக் பத்தி எத்தனை நாள் படிச்சிருக்கேன், முக்கோணமா நிக்கிற 18 சிலிண்டர், ஒவ்வொண்ணுக்கும் எதிரெதிரா ரெண்டு பிஸ்டன்னு 36 பிஸ்டன், மூணு மூலைல மூணு கிராங்க்ஷாஃப்ட், அதுல ஒண்ணு மட்டும் எதிர்ப்பக்கம் சுத்தும். ஆனா அது ஓடறப்ப உள்ள என்ன நடக்குதுன்னு கண்ணால பாக்க வழியில்ல, படம் பாத்து மனசுக்குள்ள ஓட்டிக்கணும். இது அப்படி இல்ல. வட்டு ஏறுது, ஒரு கண நேரம் கழிச்சு பிஸ்டன் எழும்புது, அந்தத் தாமதம் கண்ணுக்கு நேரா தெரியுது. வருஷக்கணக்கா புத்தகத்துல படிச்ச 90 டிகிரி எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

இதக் கண்டுபுடிச்ச ராபர்ட் ஸ்டெர்லிங் ஸ்காட்லாந்துல ஒரு பாதிரியார். 1816 ல பேட்டன்ட் வாங்கிட்டாரு, டீசல் எஞ்சின் வர்றதுக்கு முக்கால் நூற்றாண்டு முன்னாடி. நீராவி பாய்லருங்க வெடிச்சு ஆளுங்க செத்துக்கிட்டிருந்த காலம் அது, காத்த மட்டும் வச்சு ஓடுற எஞ்சின் எவ்ளோ பாதுகாப்புன்னு யோசிச்சுப் பாருங்க. ஆனா அன்னைக்கு இருந்த இரும்பு விடாம சூடு தாங்கல, சூடு படற பக்கம் கருகி வெடிப்பு விட்டுடுச்சு. செத்துப்போன ஐடியான்னு நினைச்சிடாதீங்க, ஸ்வீடனோட காட்லண்ட் வகை நீர்மூழ்கிக் கப்பல்ல தண்ணிக்கடியில சத்தமில்லாம போறதுக்கு இதே தத்துவத்துல ஓடுற எஞ்சின்தான் இருக்கு. என்னோடது மாதிரி சின்ன சூட்டு வித்தியாசத்துல ஓடுற வகை ரொம்பப் பின்னாடி வந்துச்சு, 1980கள்ல ஐவோ கோலின்னு ஒரு பேராசிரியர் செஞ்சு காட்டுனாரு, அப்புறம் ஜேம்ஸ் சென்ஃப்ட் அரை டிகிரி வித்தியாசத்துலயே ஓட வச்சுட்டாரு. அரை டிகிரி! ரெண்டு தட்டுக்கும் நடுவுல நம்ம விரலுக்கே தெரியாத வித்தியாசம் அது.

சரி, கிட்டுக்கு வர்றேன். பாகங்க சுத்தமா வெட்டியிருக்கு, தட்டுல பிசிறு இல்ல. ரெண்டு தட்டையும் சேத்துப் புடிக்கிற போல்ட்டு நைலான். மொதல்ல பாத்தப்ப காசு மிச்சம் புடிக்க பிளாஸ்டிக் போட்டுட்டானுங்கன்னுதான் நினைச்சேன், யோசிச்சப்பதான் விஷயம் தெரிஞ்சுது, இரும்பு போல்ட்டு போட்டா கீழ்த்தட்டு சூடு போல்ட்டு வழியாவே மேல ஏறி ரெண்டு தட்டும் ஒரே சூடாயிடும், அப்புறம் எஞ்சின் எத வச்சு ஓடும். பிஸ்டன் கிராஃபைட், அது ஓடுற குழாய் கண்ணாடி. எண்ணெயே போடக்கூடாது, கிராஃபைட்டே வழுக்கிக்கிட்டு ஓடும்.

மேனுவல்ல இதெல்லாம் ஒரு வரி கூட இல்ல, அதுதான் என்னோட மொத குறை. நான் எல்லா மெஷினுக்கும் செய்யற மாதிரி பிஸ்டனுக்கு ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டேன், அதோட போச்சு. கண்ணாடியும் கிராஃபைட்டும் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கிச்சு. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்ல ஊறப்போட்டு, பிசிறு விடாத துணில தொடச்சு, திரும்ப மாட்டறதுக்கு ஒரு நாள் ஆச்சு. அப்பவும் ஓடல. காதுகிட்ட வச்சு கையால சுத்துனா உள்ள லேசா சர்ரு சர்ருன்னு ஒரு உரசல், வட்டு ஒரு பக்கமா சாஞ்சு வளையத்தைத் தொடுது. நைலான் நட்டுங்கள லூஸ் பண்ணி மேல் தட்டை மயிரிழை நகத்தி நகத்தி வட்டை நடுவுக்குக் கொண்டு வந்தேன், உரசல் நின்னுச்சு.

அதுக்கப்புறமும் பத்து சுத்து சுத்திட்டு நின்னுடும். கடைசில லீக் டெஸ்ட் பண்ணுனேன், இத வாங்கறவங்க எல்லாரும் கண்டிப்பா பண்ணுங்க. பிஸ்டன கனெக்டிங் ராட்ல இருந்து கழட்டிட்டு கண்ணாடிக் குழாய்க்குள்ள சும்மா விடுங்க. எல்லாம் இறுக்கமா இருந்தா பிஸ்டன் காத்து மெத்தை மேல உக்காந்த மாதிரி மெதுவா, ரொம்ப மெதுவா இறங்கும். என்னோடது டக்குனு விழுந்துச்சு. குழாயோட அடில இருந்த ரப்பர் வளையம் சரியா உக்காரல, பேக்கிங்லயே மடங்கி வந்திருக்கு. எடுத்து நிமித்தி உக்கார வச்சேன். திரும்ப விட்டேன், இந்தத் தடவை பிஸ்டன் இறங்கறதைப் பாத்துக்கிட்டே ஆறு வரைக்கும் எண்ணுனேன். தண்ணி வச்சேன், சுண்டுனேன், போயிட்டே இருந்துச்சு. ராத்திரி பதினொன்றரை மணிக்கு வீட்ல எல்லாரையும் எழுப்பிக் கூட்டிட்டு வந்து காட்டுனேன்.

ஃப்ளைவீல்ல வெள்ள மார்க்கர்ல ஒரு புள்ளி வச்சு எண்ணிப் பாத்தேன், புதுசா கொதிச்ச தண்ணில நிமிஷத்துக்கு ஏறக்குறைய 150 சுத்து. மக்கு விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்தாதீங்க, ஒரு விரல் இடம் விடுங்க, ஆவி மேல வந்து கீழ்த்தட்டுல பட்டு சொட்டா மாறும்போது கொடுக்கிற சூடுதான் இத நல்லா ஓட்டுது. மக்கு வாயும் தட்டும் ஒரே அகலமா இருந்தா இன்னும் நல்லது, ஆவி வீணா வெளிய போகாது. அரை மணி நேரத்துல வேகம் குறையும், தண்ணி ஆறறது மட்டும் காரணமில்ல, மேல் தட்டும் சூடாயிடும். அப்ப மேல் தட்டுல நாலு சொட்டு தண்ணிய விரலால தடவி விட்டா அது ஆவியாகும்போது தட்டு குளுந்து எஞ்சின் கண்ணு முன்னாடியே வேகம் எடுக்கும். எனக்கு இந்த மொத்த கிட்டுல ரொம்பப் பிடிச்சது இதுதான்.

ரெண்டாவது குறை: உள்ளங்கைச் சூட்டுலயே ஓடும்னு பெட்டில பெருசா போட்டிருக்கு. ஓடுது, ஆனா அறை குளுகுளுன்னு இருந்தாத்தான் ஓடுது. அறைச் சூடு உங்க கைச் சூட்டு பக்கத்துல வந்துட்டா வித்தியாசமே இல்லாம போயிடும், அப்ப எந்த எஞ்சினும் ஓடாது. 90 டிகிரி தண்ணியும் 30 டிகிரி அறையும் இருந்தாலே கார்னோ கணக்குப்படி, உள்ள போற சூட்டுல வேலையா மாத்த முடியறதோட உச்ச வரம்பு 16 சதவீதம் சொச்சம்தான், நிஜத்துல கிடைக்கிறது அதுல துளியூண்டு. கைல இருந்து வர்ற சூட்டுக்கு எவ்ளோ மிஞ்சும்னு நீங்களே பாத்துக்கோங்க. இத பெட்டில சின்ன எழுத்துலயாவது போட்டிருக்கலாம், வாங்குன ஆளு தன்னோட பீஸ்தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக் கவலப்படுவான்.

தண்ணிக்குப் பதிலா ஒரு கிண்ணத்துல ஐஸ் போட்டு அதுமேல வைங்க. இப்ப கீழ்த்தட்டு குளிரு, மேல்தட்டு அறைச் சூடு, எஞ்சின் எதிர்ப்பக்கம் சுத்தும். இதப் பாத்ததும் எனக்கு 1921 ல வந்த லான்ஸ் புல்டாக் டிராக்டர்தான் ஞாபகம் வந்துச்சு, அதுல ரிவர்ஸ் கியர் கிடையாது, பின்னால போகணும்னா அந்த ஒத்த சிலிண்டர் எஞ்சினையே எதிர்ப்பக்கம் சுத்த விடுவாங்க. அத நேர்ல பாக்கற பாக்கியம் இன்னும் வாய்க்கல, மேசை மேல ஐஸ் கிண்ணத்துல அந்த ஜாதிய ஒண்ணு பாத்துட்டேன்.

வாங்கலாமான்னு கேட்டா, கழட்டி மாட்ட பொறுமை இருக்கிறவங்க கண்ணை மூடிட்டு வாங்குங்க. ரெடியா மாட்டுன மாடல் வேண்டாம், கிட்டா வர்றத எடுங்க, ஒவ்வொரு பாகத்தையும் நீங்களே மாட்டுனாத்தான் எங்க உரசுது எங்க ஒழுகுதுன்னு கை சொல்லும். பேரிங்ல கிரீஸ் வச்சு வந்தா கழுவி எடுத்துடுங்க, அந்தக் கிரீஸோட இழுவையே இதுக்குப் பாரம். பிஸ்டன வெறும் விரலால தொடாதீங்க, விரல் எண்ணெய் போதும் ஒட்டிக்கறதுக்கு.

நேத்து தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தேன், தண்ணி 41, அறை 27. ரொம்ப மெதுவா, ஒவ்வொரு சுத்துலயும் இப்ப நிக்கும் இப்ப நிக்கும்னு தோணுச்சு, வட்டு மேல போயி ஒரு நொடி யோசிச்சு திரும்ப இறங்குச்சு. அது நிக்கிற வரைக்கும் விளக்க அணைக்காம உக்காந்திருந்தேன்.